வெறும் அசதியா, நாட்பட்ட களைப்பு நோயா: எதைக் கேட்டு, எதை அளந்து தெரிந்துகொள்வது?

திருச்சி டாக்டர்:

"எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு டாக்டர்" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு என்று ஏதாவது ஒன்று பிடிபட்டுவிடும். மிஞ்சுகிறவர்களில் சிலர்தான் நாட்பட்ட களைப்பு நோய்க்காரர்கள். அசதி எவ்வளவு என்றே கேட்டுக்கொண்டிருப்பதால் அவர்களைத் தவறவிடுகிறோம். வேலை செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு எப்படி இருந்தது என்பதைக் கேட்க வேண்டும்.

சாதாரண அசதி வேலை முடிந்த கையோடு வரும், ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். இந்த நோயில் வேலை நேரத்தில் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் உடம்பு படுத்தும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் நன்றாக நடமாடியவர் செவ்வாய்க்கிழமை படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பார். தொண்டை வலிக்கும், கழுத்தில் நெறி கட்டியது போல வலிக்கும், காய்ச்சல் வரப்போகிற மாதிரி உடம்பெல்லாம் நோகும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது. இது நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். "நேத்து நான் ஒண்ணுமே செய்யலையே" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். இரண்டு நாள் பின்னால் போய்க் கேட்டால்தான் காரணம் தெரியும்.

அமெரிக்காவில் 2015இல் வகுத்த வரையறை இதை நடுவில் வைத்திருக்கிறது. முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு, புதிதாகத் தொடங்கிய, ஓய்வெடுத்தும் தீராத களைப்பு 6 மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். உழைப்புக்குப் பின் மோசமாவதும், தூங்கி எழுந்தும் தெளிச்சி வராததும் கட்டாயம். இவற்றோடு, மூளை மந்தம் (யோசனையும் நினைவும் தடுமாறுவது) அல்லது நிமிர்ந்து நின்றால் தொந்தரவு, இரண்டில் ஒன்றாவது வேண்டும். 1994ஆம் ஆண்டு வரையறையில் எட்டு அறிகுறிகளில் நான்கு இருந்தால் போதும், உழைப்புக்குப் பின் மோசமாவது கட்டாயமில்லை. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் வேறு நோய்க்காரர்களும் இதில் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

பலருக்கு இது ஒரு காய்ச்சலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் டப்போ வட்டாரத்தில் மூன்று வகைத் தொற்றுகளில் ஒன்று கண்ட 253 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாவது மாதத்தில் 11 சதவீதம் பேருக்கு இந்த நோயின் வரையறை பொருந்தியது. அந்த மூன்றில் ஒன்றான ராஸ் ரிவர் வைரஸ், நம் ஊர் சிக்குன்குனியா வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் "எந்த மாதத்தில் தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சல் வந்ததா" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

லேப் டெக்னீஷியன்:

டாக்டர் சொன்னதோடு பரிசோதனைப் பக்கத்தைச் சேர்க்கிறேன். இந்த நோயைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான் பார்க்கிறோம்: ரத்த அணுக்கள், பெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பு), தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், கால்சியம், ஈஎஸ்ஆர், சிஆர்பி (இரண்டும் அழற்சியைக் காட்டும்), சிகே (தசைச் சேதத்தைக் காட்டும்), பி12, வைட்டமின் டி, கோதுமையிலுள்ள குளூட்டன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான சோதனை, சிறுநீர். கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) கேட்டிருந்தால் காலை 8, 9 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும்.

தப்பு நடக்கிற இடங்கள் உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் பெரிட்டின் குறைந்திருக்கலாம், அதுவே அசதி தரும். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தால் பெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும், ஆகவே சிஆர்பியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு முடிவையே மாற்றிவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறோம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்கிக்கொண்டே பி12 பார்த்தால் குறைபாடு மறைந்துபோகும். மெட்பார்மின் சாப்பிடுகிற சர்க்கரைக்காரர்கள் பி12ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிசியோ அக்கா:

நிமிர்ந்து நின்றால் வருகிற தொந்தரவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம், பிபி மெஷின் போதும். 10 நிமிடம் அசையாமல் படுக்க வைத்து நாடியையும் பிபியையும் குறியுங்கள். பிறகு குதிகால் சுவரிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி இருக்கும்படி நிறுத்தி, தோளைச் சுவரில் சாய்க்கச் சொல்லி, நிமிடத்துக்கு ஒரு தடவை 10 நிமிடம் வரை அளக்க வேண்டும். நோயாளி பேசக் கூடாது, காலை மாற்றி மாற்றி ஊன்றவும் கூடாது. கெண்டைக்கால் தசை அசைந்தால் ரத்தத்தை மேலே தள்ளிவிடும், அளவு நன்றாக இருப்பது போலத் தெரியும். பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம். கண் இருட்டினால் உடனே படுக்க வைத்துவிடுங்கள்.

பிபி விழாமல் நாடி மட்டும், படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றால் (12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40) டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். முதல் 3 நிமிடத்துக்குள் பிபியின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலும் அப்படியே. அளவு சரியாக வந்துவிட்டது என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

உடற்பயிற்சியைப் பற்றி என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனச்சோர்வில் நடக்கச் சொன்னால் பலருக்கு நல்லது நடக்கிறது. இந்த நோயில் வாரா வாரம் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது நோயாளியைப் படுக்கையில் தள்ளலாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 வழிகாட்டியில் அந்தப் படிப்படிப் பயிற்சி முறையை விலக்கிவிட்டது. நாடித் துடிப்பை ஓர் அளவுக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 220இல் வயதைக் கழித்து, அதில் 60 சதவீதம் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. 40 வயதானால் 108. நாடித் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.

வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்:

டாக்டரிடம் போகும்முன் இரண்டு வாரக் குறிப்பு எழுதி எடுத்துப் போகச் சொல்வேன். தூங்கிய மணி, எழுந்தபோது தெளிச்சி பத்துக்கு எத்தனை, செய்த வேலை நிமிடக் கணக்கில், நின்ற நேரம், ராத்திரி உடம்பு நிலை. பலர் மோசமான நாளை மட்டும் எழுதுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. "வீட்டு வேலை" என்று எழுதாமல் "துணி துவைத்தது 25 நிமிடம்" என்று எழுதுங்கள். பேங்கில் காத்திருந்தது, நீண்ட போன் பேச்சு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் உழைப்புதான். பெண்கள் மாதவிலக்கு நாளையும் குறிக்க வேண்டும், பலருக்கு அப்போது கூடுகிறது.

திருச்சி டாக்டர்:

நர்ஸ் அம்மா சொன்ன அந்தத் தாள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் சில அறிகுறிகளுக்கு இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். எடை இறங்குவது, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்த்துக் கொட்டுவது என்றால் காசநோயையும் நெறிக்கட்டிப் புற்றுநோயையும் முதலில் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் இதயம். பொழுது சாயச் சாய இமை தொங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ நரம்பு மருத்துவர். குறட்டை விட்டு மூச்சு முட்டி எழுகிறவருக்குத் தூக்கப் பரிசோதனை.

நைஸ் வழிகாட்டிப்படி பெரியவர்களுக்கு 6 வாரத்திலும் பிள்ளைகளுக்கு 4 வாரத்திலும் சந்தேகப்படலாம், 3 மாதம் நீடித்தால் உறுதி செய்யலாம். சந்தேகம் வந்த அன்றே வேலையைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள், உறுதியாகட்டும் என்று இழுக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பீரியடிலிருந்து விலக்குக் கடிதமும் அப்போதே எழுதிக் கொடுக்கலாம்.