ஆன்டிபாடியில் பாலிமர் ஒட்டினேன், நெகட்டிவ் செல்லும் ஒளிர்கிறது. ஏன்?

சோதனைக்குழாய்:
அண்ணா, அக்கா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சில வெள்ளையணுக்களின் மேல் இருக்கும் சிடி4 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு, நீலமாக ஒளிரும் பாலிமரை (நீளச் சங்கிலி மூலக்கூறை) இணைத்தேன். பாலிமரின் என்ஹெச்எஸ் என்ற வினைபுரியும் முனை, ஆன்டிபாடியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடிக்கும் வழக்கமான முறைதான், பிஹெச் 8.3. மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் குழாயான டீசால்டிங் காலத்தில் (column) ஓட்டி எடுத்து, ஒவ்வொரு செல்லின் ஒளியையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் வைத்தால் சிடி4 இல்லாத செல்லும் பளிச்சென்று இருக்கிறது. இருக்கிற செல் கொஞ்சம்தான் கூடுதல். மூன்று முறை செய்தாயிற்று. ஃபிட்சி என்ற சின்னச் சாயத்தை இப்படியே ஒட்டியபோது நன்றாக வந்ததே?

நிறமாலை:
தம்பி, சிக்கல் டீசால்டிங் காலத்தில்தான். ஃபிட்சியின் மூலக்கூறு எடை 389 டால்டன், ஆன்டிபாடிக்கு ஒன்றரை லட்சம். அதனால் ஃபிட்சி பின்தங்கிவிடும். உங்கள் பாலிமர் பல்லாயிரம் டால்டன் இருக்கும். ஒட்டாமல் மிஞ்சியதும் ஆன்டிபாடியோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும்.

இதில் நான் ஒரு மாதம் தொலைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு 365 நானோமீட்டர் டார்ச்சைக் காலத்தின் மேல் பிடித்தபோதுதான் தெரிந்தது: ஒரே நீலப் பட்டை, அடிவரை பிரியவே இல்லை. பெரிய மூலக்கூறுகளையும் பிரிக்கும் நீளமான சூப்பரோஸ் 6 காலத்தில் மெதுவாக விட்டேன். முன்னால் ஒரு பட்டை, இரண்டு விரல் தள்ளி மங்கலாக இன்னொன்று. ஒட்டாத பாலிமரான அந்த இரண்டாவதுதான் நெகட்டிவ் செல்லில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாலிமர் ஏறாத ஆன்டிபாடியையும் கவனியுங்கள். அது சிடி4-ஐ முந்திப் பிடித்துக்கொண்டால் ஒளிர்வதற்கு இடமிருக்காது. லுகேமியா சிகிச்சைக்குப் பிறகு பத்தாயிரம் செல்லில் ஒரு புற்றுச் செல்லைத் தேடுகிறார்கள். அங்கே நெகட்டிவ் இருட்டாக இல்லாவிட்டால் அந்த ஒன்று கண்ணிலேயே படாது.

பஃபர்காரன்:
அக்கா சொன்னது சரி. ஆன்டிபாடி வந்த பஃபரில் ட்ரிஸோ (பஃபரில் போடும் வேதிப்பொருள்) பிஎஸ்ஏவோ (மாட்டு இரத்தப் புரதம்) இருந்ததா? இருந்தால் பாலிமரை அவையே பிடித்துக்கொள்ளும். முதலில் பஃபரை மாற்றுங்கள். பாலிமரை அள்ளிப் போடவும் வேண்டாம். பிரில்லியன்ட் வயலட் 421 என்ற பாலிமர் சாயத்தின் ஒளி உறிஞ்சும் கெழு (ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சும் என்ற அளவு) 25 லட்சம், ஃபிட்சிக்கு ஏறத்தாழ 70 ஆயிரம்தான். ஒன்றிரண்டு சங்கிலி ஏறினாலே போதும். லைசின் ஆன்டிபாடி முழுக்க இருக்கிறது, சிடி4-ஐப் பிடிக்கும் நுனியிலும் இருக்கலாம். அங்கே பாலிமர் உட்கார்ந்தால் பிடிப்பு போச்சு. டிசெப் என்ற ஒடுக்கியைப் போட்டு, ஆன்டிபாடியின் நடுக்கீலில் உள்ள டைசல்ஃபைடை (கந்தகப் பிணைப்பை) திறந்து, கந்தகத்தைப் பிடிக்கும் மேலிமைடு முனை வழியாக ஒட்டிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சோதனைக்குழாய்:
ஆன்டிபாடியே இல்லாமல் வெறும் பாலிமரை இன்று செல்லில் போட்டுப் பார்த்தேன் அக்கா. நெகட்டிவ் செல் அதே அளவு ஒளிர்ந்தது! பஃபரில் பிஎஸ்ஏவும் இருந்திருக்கிறது, லேபிளில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நாளை பிஎஸ்ஏ இல்லாத ஆன்டிபாடிக்குச் சொல்லிவிட்டு, நீளக் காலத்துக்கு நேரம் வாங்கப் போகிறேன்.