மூன்று முறை கூப்பிட்டும் வாய் திறக்காத நிலையம்

பதிவு 1

அமெச்சூர் வானொலியையும் கணினியையும் இணைக்கும் பழைய டிஎன்சி பெட்டியைக் கழற்றிவிட்டு, அதன் வேலையைச் செய்யும் டைர் உல்ஃப் மென்பொருளை மடிக்கணினியில் நிறுவிய முதல் இரவு இன்னும் மனத்தை உறுத்துகிறது. குன்றின் மேலுள்ள பாக்கெட் அஞ்சல் நிலையத்தை (வானொலிவழி தரவுச் செய்திகளைப் பரிமாறும் நிலையம்) கூப்பிட்டேன். ஒலிபரப்பைக் காட்டும் பிடிடி விளக்கு மூன்று முறை எரிந்து அணைந்தும் பதில் இல்லை. நான்காவது முறை உடனே இணைப்புக் கிடைத்தது. முதல் மூன்றும் பாக்கெட் வானொலி விதிமுறையான ஏஎக்ஸ்.25-இல் 1998-இல் வந்த பதிப்பு 2.2-இன் இணைப்புக் கட்டளையான எஸ்ஏபிஎம்இ என்பதும், நான்காவது 1984-ஆம் ஆண்டுப் பதிப்பு 2.0-இன் எஸ்ஏபிஎம் என்பதும் பிறகே தெரிந்தன. புதிய கட்டளை புரியாத நிலையம் மறுப்புச் சட்டகம் (தரவுப் பொட்டலம்) அனுப்பும், அதைக் கண்டு பழைய முறைக்கு இறங்கலாம் என்று எதிர்பார்த்துத்தான் விதியை எழுதினார்கள். அந்நிலையத்தின் பெட்டியோ மறுக்கக்கூட இல்லை. அதன் நிரல் பதிந்த ரோம் சில்லை மாற்ற எவரும் குன்றேறப் போவதில்லை.

மறுமொழி 1

ரோமைக் குறைசொல்வதை நான் ஏற்கவில்லை. ஒப்புகைக்குக் காத்திராமல் 127 சட்டகங்கள் வரை அனுப்பலாம் என்பது 2.2-இன் பெரிய சலுகை. ஆனால் 1200 பாட் வேகத்தில், 256 பைட் கொண்ட ஏழு சட்டகங்களை அனுப்பவே 12 நொடி ஆகும்போது, பழைய வரம்பான அந்த ஏழு சட்டகங்களைத் தாண்ட வேண்டிய தேவை யாருக்கு இருந்தது? மாறாக, பிழைதிருத்தம் சேர்ந்த எஃப்எக்ஸ்.25 முறையை நான் எவரிடமும் கேளாமலே இயக்கினேன். உள்ளே இருப்பது வழக்கமான ஏஎக்ஸ்.25 சட்டகமே என்பதால், பழைய பெட்டிகள் மற்றதை இரைச்சலாகத் தள்ளிவிட்டு அதைப் படித்துக்கொண்டன. தாங்கள் டைர் உல்ஃபின் அமைப்புக் கோப்பில் வி20 என்ற வரியில் அந்நிலையத்தின் அழைப்புக்குறியை எழுதிவிடுங்கள். அதை மட்டும் நேரே பழைய முறையில் கூப்பிடும். புதிய முறையில் எத்தனை தடவை முயல்வது என்று சொல்லும் மேக்ஸ்வி22-ஐச் சுழியாக்க வேண்டாம், புதியதை அறிந்த நிலையங்களோடும் பழையதையே பேச நேரும். மறுபடி அனுப்புமுன் பதிலுக்குக் காத்திருக்கும் ஃபிராக் நேரத்தையும் குறைக்காதீர்கள். நெரிசலான அலைவரிசையில் அது மற்றவர்களுக்கு இடைஞ்சல்.

மறுமொழி 2

மாற்றம் சட்டென்று நிகழ்ந்ததையும் நான் கண்டிருக்கிறேன். இருப்பிடத்தை வானொலிவழி அறிவிக்கும் ஏபிஆர்எஸ்ஸில், தன் சட்டகத்தை மறுஒலிபரப்பக் கேட்கும் ரிலே என்ற வழிப்பெயரைக் கைவிட்டு வைட்1-1 என்று வைக்குமாறு அதை உருவாக்கிய பாப் புருனிங்கா வட அமெரிக்காவில் வலியுறுத்திய காலம் அது. வீட்டுக் கூரைகளில் இருந்த, மறுஒலிபரப்பும் சிறு டிஜிபீட்டர்களுக்குப் புதிய ரோம் தேவைப்படவில்லை, மாற்றுப்பெயரில் ஒரு சொல்லைத் திருத்தினால் போதும் என்பதால் பலரும் ஒரே மாலையில் முடித்துவிட்டார்கள். நான் மட்டும் என் வண்டியிலிருந்த கருவியில் ரிலேயைத் திருத்தாமல் மலைப்பாதையில் புறப்பட்டேன். 144.390 மெகாஹெர்ட்ஸில் அது ஒழுங்காக ஒலித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பழைய பெயருக்குச் செவிசாய்க்கும் டிஜிபீட்டர் இல்லை. வீட்டுத் திரையிலோ என் புள்ளி மலையடிவாரத்திலேயே நின்றுபோனதைப் பார்த்து, மனைவி நான்கு மணி நேரம் தொலைபேசியருகே உட்கார்ந்திருந்தார்.