டெலஸ்கோப்பில் நட்சத்திரம் கோடாக இழுக்கிறது, சிலிண்டர் பவருக்கு என்ன வழி?

என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் ஆடி டெலஸ்கோப்), குவியத்தூரம் 1200 மி.மீ. 30 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) சுவாதி, சித்திரை எதுவுமே புள்ளியாக நிற்பதில்லை, இரண்டு பக்கமும் வால் முளைத்த மாதிரி இழுக்கிறது, ஃபோகஸை லேசாக உள்ளே வெளியே நகர்த்தினால் அந்தக் கோடு குறுக்காகத் திரும்பிக்கொள்கிறது. 10 மி.மீ. போட்டால் தொல்லை ஏறக்குறைய இல்லை. வலது கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர், மைனஸ் 1.75. ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை முதலாவதில் 5 மி.மீ. அகலம், இரண்டாவதில் 1.7 தான்; கற்றை குறுகினால் சிலிண்டர் கோளாறு அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் இந்த வித்தியாசம்.

டெலஸ்கோப்பின் ஆடிகள் சீராக இருக்கின்றன. ஐபீஸைச் சுழற்றினேன், கோடு அசையவில்லை. தலையைச் சாய்த்தால் கூடவே சாய்கிறது. ஆக, கோளாறு கண்ணில்தான். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் புள்ளி அருமையாக வருகிறது, ஆனால் ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டும் காட்சியின் ஓரம் வெட்டுப்படுகிறது, அப்புறம் ஏலகிரிப் பனியில் கண்ணாடி மங்கிவிடுகிறது. சிலிண்டர் பவருக்கான டோரிக் கான்டாக்ட் லென்ஸ் போன குளிர்காலத்தில் போட்டுப் பார்த்தேன், மலைக்காற்றில் கண் வறண்டு உறுத்தல் தாங்கவில்லை. டெலிவியூ கம்பெனியின் டயாப்ட்ரிக்ஸ் (ஐபீஸ் மேல் மாட்டும் சிலிண்டர் லென்ஸ்) அவர்களுடைய சில ஐபீஸ்களில்தான் பொருந்தும், அந்த ஐபீஸையும் லென்ஸையும் சேர்த்து வாங்கக் கைக்காசு இல்லை.

கிட்டப்பார்வைக்கான மைனஸ் பவரை டெலஸ்கோப்பின் ஃபோகஸரே சரிக்கட்டிவிடும், எனக்குச் சிலிண்டர் மட்டும் போதும். கண்ணாடிக் கடையில் அப்படி ஒரு லென்ஸை வட்டமாக வெட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தலை சாயும் கோணத்துக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளும்படி அதை ஐபீஸ் மேல் எப்படிப் பொருத்தினீர்கள்?