இரண்டு கிலோவில் நின்ற முள்

வடசென்னை ப்ராசஸ்:
ரசாயனம் வினைபுரியும் கலனான ரியாக்டரின் தலையில், கீழே ரப்ச்சர் டிஸ்க் (பிரஷர் மீறினால் கிழிந்து வழிவிடும் மெல்லிய தகடு), மேலே சேஃப்டி வால்வு, நடுவே டிஸ்க் கசிகிறதா என்று காட்ட ஒரு சின்ன பிரஷர் கேஜ். எல்லோருக்கும் தெரிந்த அமைப்புதான். அன்றைக்கு வேறு வேலையாக ரியாக்டர் மேலே ஏறினேன். பூஜ்யத்தில் இருக்க வேண்டிய முள் இரண்டு கிலோவில் (சதுர செ.மீ.க்கு) நின்றது. கூட வந்த ஆபரேட்டரிடம் கேட்டேன். "அது எப்பவும் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்.

வயிற்றைக் கலக்கிவிட்டது. டிஸ்க் கிழிவது கீழுக்கும் மேலுக்கும் உள்ள வித்தியாசத்தில். 5 கிலோவுக்கான டிஸ்க்கின் முதுகில் 2 கிலோ உட்கார்ந்திருந்தால், உள்ளே 7 வந்தால்தான் கிழியும். அந்த ரியாக்டரின் டிசைன் பிரஷரே, அதாவது தாங்கும்படி வடிவமைத்த உச்ச பிரஷரே, 5. ஒற்றை வால்வு என்றால் அதற்கு மேல் 10 சதவீதம்தான் பிரஷர் கலன்களுக்கான கோட் (விதித்தொகுப்பு) விடுகிறது. அந்த கேஜை டிராயிங்கில் போட்டவன் நான். முள் ஏறினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

கடலூர் ரெசின்:
சார், கேஜ் சரியாக இருந்திருந்தாலும் டிஸ்க் சைஸ் போதுமா? எங்கள் பழைய யூனிட்டில் பினால் ரெசினுக்கு ஃபார்மலினைக் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் மொத்தமாக விட்டுவிட்டார்கள். டிஸ்க் சரியாகத்தான் கிழிந்தது. ஆனால் வந்தது ஆவி இல்லை, நுரை. பிரஷர் ஏறிக்கொண்டே போனது. மேன்ஹோல் கேஸ்கட் பிய்த்துக்கொண்டதால் தப்பினோம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெளியே தீப்பிடித்தால் என்ற கணக்கை மட்டும் வைத்து சைஸ் போடாதீர்கள். ரியாக்‌ஷன் கைமீறினால் பத்து டிகிரி ஏறுவதற்குள் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஜாக்கெட்டின் குளிர்ச்சி அப்படி ஏறாது. உங்கள் கலவையையே கலோரிமீட்டரில் (வினையின் வெப்பத்தை அளக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள். நுரையும் ஆவியும் கலந்து வருவதற்கு 1976-ல் தொடங்கிய, அவசரத்தில் பிரஷரை வெளியேற்றுவதை ஆராய்ந்த டையர்ஸ் (DIERS) குழுவின் முறைகள் இருக்கின்றன. அப்புறம் செட் பிரஷர், அதாவது டிஸ்க் எந்த பிரஷரில் கிழிய வேண்டும் என்பது. 2007-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் டி2 ஆலை வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். டிஸ்க் 400 பிஎஸ்ஐக்கு இருந்தது. 75 பிஎஸ்ஐயிலேயே கிழிந்திருந்தால் முதல் கொதிப்பிலேயே வெளியேறித் தணிந்திருக்கக்கூடும் என்றது விசாரணை.

ஜுபைல் மெக்கானிக்கல்:
கடலூர் நண்பரே, சைஸ்தான் எல்லாம் என்பது போல் சொல்கிறீர்கள், ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே ஃபிளேர் ஹெட்டரில் (கழிவு வாயுவை எரிக்கக் கொண்டுபோகும் பொதுக் குழாய்) சேரும் பெல்லோஸ் வால்வு (ஹெட்டர் பிரஷர் ஸ்பிரிங் பக்கம் போகாமல் மடிப்புக் குழாயால் மறைத்த சேஃப்டி வால்வு) ஒன்றில், பானட் எனும் மேல்மூடியின் துளை சொட்டுகிறது என்று ஃபிட்டர் டெஃப்லான் டேப் சுற்றி பிளக் போட்டு, மேலே பெயின்டும் அடித்துவிட்டார். சொட்டினால் பெல்லோஸ் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். துளையை அடைத்தால் ஹெட்டர் பிரஷர் ஸ்பிரிங் பக்கம் ஏறி, வால்வைத் திறக்கவிடாமல் அழுத்தும். கணக்கு ஷீட்டில் ஒரு தப்பும் கிடையாது. வடசென்னை சார், அந்த டிஸ்க் என்ன ஆயிற்று?

வடசென்னை ப்ராசஸ்:
ரியாக்டரை நிறுத்திக் கழற்றினோம். விளிம்பை ஒட்டி ஊசி முனை அளவு ஓட்டை. கடலூர் சார், சைஸையும் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் என் தூக்கம் போனது லாக்புக்கைப் பார்த்துத்தான். அந்த கேஜுக்கு அதில் ஒரு கட்டம் இருக்கிறது. எட்டு மாதம், ஒவ்வொரு ஷிஃப்டிலும், வேறு வேறு கையெழுத்தில், 2.0, 2.0, 2.0.