மாநில ஒதுக்கீடு ரத்தா? சோழவந்தான் பெரிய வீட்டுக் குழுவில் ஒரு மாலை

செல்வி: (பலமுறை பகிரப்பட்ட செய்தி) "அவசரம்! முதுநிலை மருத்துவப் படிப்பில் மாநில ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு. இனி 69 விழுக்காடும் கிடையாது. அனைவருக்கும் பகிரவும்."

செல்வி: பெரிய அண்ணா, இது உண்மைதானா? இளங்கோ நாளை மாலைக்குள் அகில இந்தியக் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலைப் பூட்டியாக வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கண்ணன்: எங்கள் ஆசிரியர் குழுவிலும் காலை முதல் இதுதான்.

நிலா: முதல் வரி பாதி உண்மை, இரண்டாம் வரி முழுப் பொய் என்று நினைக்கிறேன், அத்தை. பெரியப்பா சொல்லட்டும்.

தேன்மொழி: அப்பா தட்டச்சு செய்யத் தொடங்கி நெடுநேரம் ஆகிறது. அனைவரும் இரவு உணவை முடித்துவிட்டு வரலாம்.

ராமநாதன்: இது பழைய செய்தி. 2025 ஜனவரி 29 அன்று, சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரி தொடர்பான தன்வி பெல் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஒருவர் ஒரு மாநிலத்தில் வசிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு முதுநிலை மருத்துவ இடத்தை ஒதுக்குவது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு கூறும் சமத்துவத்துக்கு முரணானது என்பதே அதன் சாரம். இது புதிய கருத்தும் அன்று. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி சொன்னதையே மீண்டும் உறுதிசெய்தார்கள். எந்தக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தார் என்பதை வைத்து ஓரளவு முன்னுரிமை தருவதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. ஏற்கெனவே சேர்ந்தவர்களையும் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு அந்த வழக்கில் கேள்வியாகவே எழவில்லை. வசிப்பிட ஒதுக்கீடு வேறு, சமூக ஒதுக்கீடு வேறு, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான ஒதுக்கீடு வேறு. மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியவர் யாரோ, அவரே இந்தச் செய்தியையும் எழுதியிருக்கிறார்.

செல்வி: அப்படியானால் 69 இருக்கிறது அல்லவா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ராமநாதன்: இருக்கிறது.

செல்வி: இதை முதலிலேயே ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம், அண்ணா.

ராமநாதன்: ஒரு சொல்லில் சொன்னால் நாளை வேறொரு செய்தி வந்ததும் மீண்டும் பதறுவீர்கள். சாதி அடிப்படையிலான அந்த 69 விழுக்காட்டுக்கு 1994ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அடிப்படை; அரசியலமைப்பின் 76ஆம் திருத்தத்தின் வழியே, வழக்குகளிலிருந்து சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் ஒன்பதாம் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. மாநிலத்தின் கையில் இருக்கும் இடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அரசுக் கல்லூரியில் நூறு முதுநிலை இடங்கள் இருந்தால், ஐம்பது, எந்த மாநிலத்தவரும் போட்டியிடும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன; அங்கே மத்திய அரசின் கணக்குதான் நடக்கும். பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு.

பிரபாகர்: மாமா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்.பி.பி.எஸ். சேரும்போது ஒதுக்கீடு பெற்றவர், ஐந்தரை ஆண்டு ஒரே வகுப்பில் ஒரே பேராசிரியரிடம் படித்தபின், முதுநிலைக்கும் அதையே கேட்பது முறையா? சிறப்பு மருத்துவம் என்பது திறமை மட்டுமே பார்க்க வேண்டிய இடம் அல்லவா?

தேன்மொழி: அத்தையின் கேள்விக்கு விடை கிடைத்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இவர் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

ராமநாதன்: கேட்கட்டும், அம்மா. மருமகன் கேட்டதைத்தான் 2021இல் மனுதாரர்களும் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 29 அன்று, அகில இந்திய இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கும் நலிந்த பிரிவினருக்கும் ஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசு அறிவித்தது. அதை எதிர்த்த நீல் அவுரேலியோ நூன்ஸ் வழக்கில், 2022 ஜனவரி 7 அன்று கலந்தாய்வுக்கு அனுமதி கொடுத்து, ஜனவரி 20 அன்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா இருவரும் விரிவான காரணங்களை எழுதினார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டை அப்போதே ஏற்றுக்கொண்ட அவர்கள், நலிந்த பிரிவினருக்கான வருமான வரம்பை மட்டும் பின்னர் விசாரிக்க ஒதுக்கிவைத்தார்கள். பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம்தரும் அரசியலமைப்பின் 15(4), 15(5) ஆகிய உட்பிரிவுகள் சமத்துவத்துக்கு விதிவிலக்கு அல்ல, அதே சமத்துவத்தின் விரிவே என்றார்கள். பட்டம் ஒன்றைப் பெற்றதாலேயே ஒருவர் பிறந்த இடத்தின் பின்தங்கல் அழிந்துவிடாது என்பதும், ஒரு நாள் தேர்வில் வாங்கும் மதிப்பெண் அதற்குப் பின்னால் இருக்கும் பயிற்சி மையத்தையும் ஓய்வையும் பணத்தையும் காட்டுவதில்லை என்பதும் அவர்களின் வாதம்.

நிலா: அத்தான் சொல்வதில் ஒரு பகுதி சட்டத்திலும் இருக்கிறது. டி.எம்., எம்.சி.எச். போன்ற உயர் சிறப்புப் படிப்புகளில் சமூக ஒதுக்கீடு கிடையாது.

ராமநாதன்: சரி. அங்கே தமிழ்நாடு கொண்டுவந்தது பணியில் இருக்கும் அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீடு மட்டுமே. எங்கே கோடு போடுவது என்பதுதான் எழுபது ஆண்டுச் சண்டை. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் சாதி, மத வாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யவில்லை என்பது வேறு கதை. அந்தத் தீர்ப்பின் விளைவாகவே அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. தனியார் கல்லூரிகளையும் உள்ளடக்கும் 15(5), 2005இன் 93ஆம் திருத்தத்தில் வந்தது. இரண்டுமே அரசு செய்யலாம் என்றுதான் கூறுகின்றன. செய்தே தீர வேண்டும் என்று கூறவில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரு அரசாணையும் ஒரு வழக்கும் தேவைப்படுகின்றன.

கண்ணன்: மாப்பிள்ளைகள் கேள்வி கேட்டால் மட்டும் பெரிய மாமாவுக்கு இவ்வளவு உற்சாகம் வந்துவிடுகிறது.

தேன்மொழி: நான் 2016இல் எழுதியபோது அகில இந்திய இடங்களில் நமக்கு ஒன்றுமே இல்லை. எய்ம்ஸ், ஜிப்மரில் 27 விழுக்காடு இருந்தது. ஆனால் நம் மாநிலமே கட்டிய கல்லூரிகள் தில்லிக்கு விட்டுக்கொடுத்த இடங்களில் இல்லை. ஏன் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ராமநாதன்: அந்த ஒதுக்கீடு எந்தச் சட்டத்தாலும் பிறந்தது அன்று, அம்மா. பிரதீப் ஜெயின் வழக்கின் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றமே உருவாக்கிய ஏற்பாடு அது. முதுநிலைக்கு முதலில் 25 விழுக்காடாக இருந்ததை 2003இல் 50 ஆக்கினார்கள். நீதிமன்றம் உருவாக்கியதாயிற்றே, அதில் ஒதுக்கீடு நுழையலாமா என்ற தயக்கம் நீண்ட காலம் இருந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2007இல்தான், அபய் நாத் வழக்குக்குப் பின், வழி திறந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 27 அன்று, தமிழ்நாட்டுக் கட்சிகள் தொடுத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒதுக்கீட்டைத் தருவதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை என்று சொன்னதுதான் திருப்பம்.

தேன்மொழி: ஐந்து ஆண்டு முன்னால் பிறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

முருகேசன்: இவ்வளவு வரலாறும் சரி, அண்ணா. நிலாவுக்கு அந்த 27இல் இடம் உண்டா, இல்லையா?

ராமநாதன்: இல்லை. உன்னைப் போல் நேரடி நியமனம் பெற்ற முதல்நிலை (குரூப் ஏ) அதிகாரியின் பிள்ளை, பிற்படுத்தப்பட்டோரில் வசதி பெற்றவர்கள் என்று விலக்கப்படும் வளமான பிரிவில் (கிரீமி லேயர்) வந்துவிடும். 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் அந்தப் பிரிவை நீக்கச் சொன்னார்கள். 1993 செப்டம்பர் 8 குறிப்பாணை அதற்கு அளவுகோல் வகுத்தது. 2008இல் அசோக் குமார் தாக்கூர் வழக்கில் கல்வி ஒதுக்கீட்டுக்கும் அது பொருந்தும் என்றார்கள்.

முருகேசன்: அப்படியானால் அந்த 10 விழுக்காட்டிலாவது கேட்கலாமா?

ராமநாதன்: அதுவும் இயலாது. வருமானம் ஒரு புறம் இருக்க, ஏனைய ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் உள்ள சமூகங்களுக்கு அது கிடையாது. அந்த 10 விழுக்காட்டைக் கொண்டுவந்த 103ஆம் திருத்தத்தின் இந்த விலக்கைத்தான், 2022 நவம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர் ஏற்றபோது, தலைமை நீதிபதி லலித்தும் நீதிபதி ரவீந்திர பட்டும் ஏற்கவில்லை.

முருகேசன்: தலைமையாசிரியர் சம்பளம் என் சம்பளத்துக்கு மிகவும் குறைந்ததா? இளங்கோவுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

ராமநாதன்: எட்டு லட்ச ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. பதவிக்கு ஒரு அளவுகோல், நிலத்துக்கு வேறொரு அளவுகோல், மீதி வருமானத்துக்கு இன்னொன்று. மாப்பிள்ளை கண்ணன் முதல்நிலைப் பதவியில் இல்லை. அவருடைய நிலமும் உச்சவரம்பின் அருகில்கூட வராது.

முருகேசன்: தோப்பு வருமானமும் கணக்கில் வராதா? நல்லது. அந்தத் தோப்பு எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கத்துக்கு எல்லா வகையிலும் யோகம்தான்.

செல்வி: சின்ன அண்ணா, தோப்புப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம். அப்பா இருந்தபோதே கையெழுத்துப் போட்டது.

கண்ணன்: குழந்தைகள் படிக்கும் குழு இது.

நிலா: அப்பா, எனக்கு இதில் வருத்தம் இல்லை. நான் பொதுப் பிரிவில் போட்டியிடுகிறேன். மாநில ஒதுக்கீட்டில் வளமான பிரிவு என்ற விலக்கே இல்லாததால் அங்கே நானும் இளங்கோவும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். அவன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறான், நான் செய்யவில்லை. அது அவன் சம்பாதித்தது.

இளங்கோ: இப்போதுதான் இரவுப் பணியிலிருந்து பார்க்கிறேன். பெரிய மாமா, பணியில் இருப்போருக்கான பாதி இடங்களை யாரும் தொட முடியாது அல்லவா?

ராமநாதன்: தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்க வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒதுக்கும் அதிகாரம், மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலின் 25ஆம் இனத்தின்படி மாநிலத்துக்கு உண்டு என்று முடித்துவிட்டது. மத்தியப் பட்டியலின் 66ஆம் இனம் கல்வித் தரத்தைப் பற்றியது; அது இதைத் தடுக்காது. ஆனால் எந்தெந்தத் துறைகளில் இந்த ஆண்டு அந்த இடங்கள் உண்டு என்பதை மாநிலத் தகவல் கையேட்டில் ஒவ்வொரு வரியாகப் பார். என்னை நம்பி விருப்பம் நிரப்பாதே.

இளங்கோ: சரி, மாமா. அகில இந்தியப் பட்டியலில் மதுரையை முதலாகவும் சென்னையை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறேன். சேரும் நாளில் புதிய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைக் காட்ட வேண்டும். சென்ற முறை அப்பாவின் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

செல்வி: மதுரையையே வை. சென்னையில் சாப்பாடு யார் போடுவார்கள்?

தேன்மொழி: அத்தை, அவன் எம்.டி. படிக்கப் போகிறான்.

ராமநாதன்: மாநிலச் சாதிச் சான்றிதழை மட்டும் காட்டினால் போதாது, அது வேறு. 1993 குறிப்பாணையின் நகலை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு யாராவது பெரியவர் உடன் போக வேண்டும்.

கண்ணன்: எனக்கு வெள்ளி வரை தேர்வுப் பணி.

முருகேசன்: நான் வருகிறேன். அந்த விதிகளை எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

செல்வி: உங்களுக்கு ஏன் சிரமம், சின்ன அண்ணா? இவரிடம் விடுப்புக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

முருகேசன்: சிரமம் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை காலை.

இளங்கோ: வியாழன் எனக்குத் தடுப்பூசி முகாம், மாமா. புதன் முடியுமா?

பிரபாகர்: மாமா, அந்த 25ஆம் இனம், 66ஆம் இனம் பற்றி எனக்கு இன்னொரு ஐயம் இருக்கிறது.

தேன்மொழி: தயவுசெய்து தனியாகக் கேளுங்கள்.