அவசர உதவி: மண்டலச் சிறுவர் நீச்சல் போட்டியை ஒரே நாளில் முடிக்க நிரல் போடுவது எப்படி?

குளக்கரை:
வணக்கம். மண்டலச் சிறுவர் நீச்சல் போட்டிக்கு விதிகளும் நிரலும் எழுதும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. வழக்கமாகச் செய்பவர் இல்லை. நாளை மறுநாள் கிளப்புகளுக்கு அனுப்பியாக வேண்டும். போன முறை இருட்டிய பிறகுதான் கடைசி ரிலே நடந்தது, சின்னப் பிள்ளைகள் பெஞ்சிலேயே தூங்கிவிட்டார்கள். இந்த முறை காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஐந்துக்குள் முடிக்க வேண்டும். எந்தப் போட்டியை வெட்டலாம்? அப்புறம், வயதை எந்தத் தேதி வைத்துக் கணக்கிடுவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

லேன்_மூன்று:
எத்தனை லேன்? குளம் 25 மீட்டரா, 50 மீட்டரா? எத்தனை பிள்ளைகள்? இது தெரியாமல் எதை வெட்டச் சொல்வது?

ஸ்டாப்வாட்ச்:
டச்பேட் (பிள்ளை தொட்டதும் நேரத்தைப் பதியும் சுவர்ப்பலகை) இருக்கிறதா, ஸ்டாப்வாட்ச்சில் எடுக்கும் கை நேரமா? கை நேரம் என்றால் போட்டிகளை வெட்டுவதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள். லேனுக்கு மூன்று வாட்ச் வேண்டும். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம், மூன்றும் வேறுவேறு என்றால் நடுவில் உள்ளது. மூன்றில் ஒன்று நின்றுபோனால் மற்ற இரண்டின் சராசரி. லேனுக்கு ஒரே ஆளை நிறுத்திவிட்டு, அவர் பொத்தானை அழுத்தத் தவறினால் அந்தப் பிள்ளைக்கு நேரமே இருக்காது. பிறகு அரை மணி நேரம் வாக்குவாதம்தான். தாமதம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பழைய_விசில்:
இந்தக் கேள்வி ஒவ்வொரு சீசனிலும் வருகிறது, தேடிப் பார்த்திருக்கலாம். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீச்சல் விதிகளை நீங்கள் எழுத வேண்டியதில்லை. சர்வதேச நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் (2022 வரை ஃபினா) எழுதி வைத்திருக்கிறது. டர்ன், டச், பேக்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வர வேண்டும் என்பது எல்லாம் அதில் உண்டு. நீங்கள் எழுத வேண்டியது வயதுப் பிரிவு, ஒருவருக்கு எத்தனை போட்டி, பெயர் கொடுக்கக் கடைசித் தேதி, விலகல், புகார். அவ்வளவுதான். குளத்தின் ஆழத்தையும் சொல்லவில்லை. ஸ்டார்ட்டிங் பிளாக் (பாய்ந்து தொடங்கும் மேடை) வைத்தால், சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

பட்டர்ஃபிளை_இருநூறு:
எதையும் வெட்ட வேண்டாம். ஒரு ஹீட் (ஒரே தடவையில் சேர்ந்து நீந்தும் தொகுதி) முடிந்ததும் பிள்ளைகள் தண்ணீரிலேயே சுவரோரம் லேன் கயிற்றைப் பிடித்து நிற்கட்டும். அடுத்த ஹீட் அவர்களுக்கு மேலே பாயட்டும், அதன் பிறகு அவர்கள் ஏறட்டும். ஹீட்டுக்கு இருபது வினாடி போல மிச்சமாகும். பெரிய போட்டிகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

லேன்_மூன்று:
பேக்ஸ்ட்ரோக்குக்கு இது ஆகாது, அவர்கள் தண்ணீரிலிருந்துதானே தொடங்குகிறார்கள். 50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் போட்டிக்கும் ஆகாது. அங்கே தொடங்கும் முனை வேறு, முடியும் முனை வேறு. அதனால்தான் குளம் எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

குளக்கரை:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 25 மீட்டர், 6 லேன். சுமார் 210 பிள்ளைகள், ஒருவருக்கு மூன்று தனிப்போட்டி. மொத்தம் 8 போட்டிகள், 4 வயதுப் பிரிவு, ஆண் பெண் தனித்தனி. கை நேரம்தான். ஃபைனல் உண்டு, எப்போதும் உண்டு.

கணக்குப்பிள்ளை:
சரி, இப்போது கணக்குப் போடலாம். 8 போட்டி, 4 பிரிவு, ஆண் பெண் என்றால் 64 தனித்தனிக் குழுக்கள். 630 பதிவுகளைப் பிரித்தால் குழுவுக்குச் சுமார் பத்துப் பேர். 6 லேனில் பத்துப் பேர் என்றால் இரண்டு ஹீட், அதாவது பாதி லேன்கள் காலியாக உள்ள ஹீட்டுகளும் சேர்த்து 128. ஏறி, இறங்கி, விசில் அடிப்பது உட்படச் சராசரி இரண்டரை நிமிடம் வைத்தால் 320 நிமிடம். அதன் மேல் 64 ஃபைனல், மூன்று நிமிடம் வைத்தால் 192 நிமிடம். இரண்டும் சேர்ந்து எட்டரை மணி நேரம். வார்ம்-அப், ரிலே, பதக்கம் எதுவும் இதில் இல்லை. இருட்டாமல் எப்படி இருக்கும்?

ஃபைனலை விட்டுவிடுங்கள். ஹீட்டில் எடுத்த நேரமே இறுதி நேரம். பதிவு நேரத்தை (பெயர் கொடுக்கும்போது சொன்ன முந்தைய நேரம்) வைத்து வேகமானவர்களைக் கடைசி ஹீட்டில் போட்டால் அதுவே ஃபைனல் மாதிரி இருக்கும். லேன் வரிசை 3, 4, 2, 5, 1, 6.

அடுத்தது, நீந்தும்போது வயதுப் பிரிவுகளைச் சேர்த்துவிடுங்கள், முடிவை மட்டும் பிரிவு வாரியாகப் பிரியுங்கள். அப்போது 16 குழுக்கள், குழுவுக்குச் சுமார் 40 பேர், 7 ஹீட். மொத்தம் 112 ஹீட், 280 நிமிடம். எந்தப் போட்டியையும் வெட்டாமல் நான்கரை மணி நேரத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான்.

கரையோர_அம்மா:
நான் அதிகாரி இல்லை, இரண்டு பிள்ளைகளை அழைத்து வருபவள். வயதைச் சேர்த்து நீந்த வைத்தால் என் மகள் தன் வயதுப் பிள்ளைகளோடு போட்டி போடவே மாட்டாள். பக்கத்து லேனில் யார் வருகிறார்கள் என்று பார்த்து நீந்தும் வயது. காகிதத்தில் மூன்றாவது என்று பிறகு தெரிந்து என்ன பயன்? கடைசி ஹீட்டையாவது பிரிவுக்கு ஒன்று என்று வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நியாயம். அப்படியானால் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளை மட்டும் சேர்க்கலாம். ஹீட் கொஞ்சம் கூடும், ஆனாலும் ஐந்து மணிக்குள் அடங்கும்.

பழைய_விசில்:
வயதுத் தேதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31. வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் அப்படித்தான் வைத்திருக்கிறது. முடிந்தது.

பட்டர்ஃபிளை_இருநூறு:
முடியவில்லை. அமெரிக்காவில் சிறுவர் போட்டிகளுக்கு, போட்டியின் முதல் நாளன்று என்ன வயதோ அதுதான். அதே விதிகளில், சாம்பியன்ஷிப் அல்லாத, ஃபைனலும் இல்லாத போட்டியின் ஒவ்வொரு அமர்விலும் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் நிகழ்ச்சிகள் நான்கு மணி நேரத்துக்குள் முடியும்படி திட்டமிட வேண்டும் என்றும் இருக்கிறது. பிள்ளைகளை நினைத்து எழுதிய விதி அது. டிசம்பர் கணக்கில் அந்த மாதம் பிறந்த குழந்தை ஆண்டு முழுக்கத் தன்னைவிட மூத்தவர்களோடுதான் மோத வேண்டும்.

பழைய_விசில்:
முதல் நாள் கணக்கில் போன மாதம் ஒரு பிரிவு, இந்த மாதம் வேறு பிரிவு. பதிவேடு வைப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அணித் தேர்வு டிசம்பர் கணக்கில் நடந்தால், மண்டலப் போட்டி வேறு கணக்கில் நடந்து என்ன பயன்?

பட்டர்ஃபிளை_இருநூறு:
ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்த அணித் தேர்வு சார்?

லேன்_மூன்று:
இரண்டு பேரும் தனி இழையில் தொடருங்கள். குளக்கரை, உங்களுக்கு மேலே உள்ள அமைப்பு எந்தத் தேதியைப் பயன்படுத்துகிறதோ அதையே எழுதுங்கள். எதுவானாலும் அறிவிப்பில் தேதியைத் தெளிவாகப் போடுங்கள், போட்டியன்று காலையில் அதைப் பேச வைக்காதீர்கள்.

ஃபால்ஸ் ஸ்டார்ட்டையும் இப்போதே எழுதிவிடுங்கள். சர்வதேச விதிப்படி, தொடக்க ஒலிக்கு முன் பாய்ந்தால் முதல் முறையே தகுதி நீக்கம் செய்யலாம். அது தெரிவதற்குள் ஒலி வந்துவிட்டால் ஓட்டம் தொடரும், முடிந்த பிறகுதான் அறிவிப்பார்கள். கடைக்குட்டிப் பிரிவுக்குத் தளர்வு கொடுப்பதானால் அதையும் எழுத்தில் போடுங்கள்.

ஸ்டாப்வாட்ச்:
புகார் நேரமும் வேண்டும். போட்டி முடிந்து 30 நிமிடத்துக்குள், எழுத்தில், அணிப் பொறுப்பாளர் மூலம் ரெஃபரியிடம். பெற்றோர் நேரடியாகக் குளத்தோரம் வரக் கூடாது. அந்த 30 நிமிடம் கழியும் முன் பதக்கம் கொடுக்காதீர்கள், பிள்ளையின் கழுத்திலிருந்து திரும்ப வாங்குவது கொடுமை. இன்னும் ஒன்று, நேரம் எடுப்பவர்கள் எத்தனை பேர்?

கரையோர_அம்மா:
நிரல் வரிசையிலும் பாருங்கள். பட்டர்ஃபிளை முடிந்த கையோடு தனிநபர் மெட்லி (ஒருவரே நான்கு நீச்சல் வகைகளையும் நீந்துவது) வைத்தால், இரண்டிலும் நீந்தும் பிள்ளை மெட்லியின் முதல் சுற்றையும் பட்டர்ஃபிளையில்தான் தொடங்க வேண்டும். நடுவில் இரண்டு போட்டியாவது போடுங்கள். சின்னப் பிரிவின் ரிலேயை மதியத்துக்கு முன்பே முடித்து அனுப்பிவிடுங்கள்.

குளக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஃபைனலை எடுத்துவிட்டேன், இரண்டு இரண்டு பிரிவாகச் சேர்த்தேன், சின்னவர்கள் காலையில் மட்டும். வயது டிசம்பர் 31, மேல் அமைப்பும் அதுதான். நேரம் எடுக்க 14 பேர் இருக்கிறார்கள், கிளப்புகளிடம் ஆளுக்கு ஒருவர் கேட்டிருக்கிறேன். அனுப்பப் போகிறேன்.

ஸ்டாப்வாட்ச்:
6 லேனுக்கு 18 வேண்டும். தலைமை நேரக் கண்காணிப்பாளர் தன் கையில் இரண்டு வாட்ச்களைத் தனியாக ஓட விட்டு வைத்திருக்கட்டும், யாருடையதாவது ஓடாவிட்டால் உடனே கொடுக்கலாம்.

பழைய_விசில்:
ஆழத்தை இன்னும் சொல்லவில்லை. அனுப்பும் முன் டேப் வைத்து அளந்து பாருங்கள். 1.35 இல்லாவிட்டால் பிளாக் வேண்டாம், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிச் சுவரைப் பிடித்தபடி தொடங்கட்டும் என்று விதியில் எழுதுங்கள்.

லேன்_மூன்று:
இதில் பழைய விசில் சொல்வதைக் கேளுங்கள். குளக்கரை, இருக்கிறீர்களா?