மலைச் சைக்கிள் வாங்கிவிட்டேன், நெல்லைப் பக்கம் எங்கே ஓட்டுவது?

பாளை மிதிவண்டி:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன், வயது 38. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், எனக்கு நடப்பது என்றாலே அலுப்பு, அதனால் யோசிக்காமல் ஒரு மலைச் சைக்கிள் வாங்கிவிட்டேன். 29 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 2.2 அங்குல டயர். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை அது பார்த்த மலை எல்லாம் ஹைகிரவுண்ட் ரோட்டு வேகத்தடைதான்.

ராத்திரி தூக்கம் வராமல் ஐரோப்பாக்காரர்கள் பைன் காட்டுக்குள்ளும் ஊதாப்பூ பூத்த புதர்வெளியிலும் ஒற்றையடிப்பாதையில் ஓட்டிப்போகும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. நமக்குத்தான் மேற்கே இவ்வளவு பெரிய மலை இருக்கிறதே, முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கம் சைக்கிளோடு உள்ளே போக விடுவார்களா? அனுமதி வாங்க வேண்டுமா? இல்லை வேறு இடம் ஏதாவது இருக்கிறதா? ஞாயிறு காலை கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும், அது வீட்டில் போட்ட நிபந்தனை.

இன்னொன்று. ஊருக்கு வெளியே ஒரே ஒரு நாள் மண்பாதையில் இறக்கினேன், இரண்டு டயரும் பஞ்சர். அதற்கும் வழி சொல்லுங்கள்.

அம்பைக்காரன்:

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தை: முடியாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-லிருந்து அப்படித்தான், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். காணிப் பழங்குடியினர் குடியிருப்பு இருக்கிறது, கோவில் இருக்கிறது, அணை இருக்கிறது, பஸ் போகிறது என்பதால் நாமும் போகலாம் என்று தோன்றும். சொரிமுத்தையனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்கு ஜனம் போவது வேறு, நீங்கள் தனியாகச் சைக்கிளில் தார்ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுத்தடத்தில் போவது வேறு. 1972-ம் வருட வன உயிரினச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போனாலே வழக்குதான்.

சட்டம் கிடக்கட்டும், கரடியை யோசித்துப் பாருங்கள். யானையாவது சில நேரம் கிளை முறியும் சத்தத்தில் தெரிந்துவிடும். கரடி அப்படி இல்லை. காற்று எதிர்த்திசையில் அடித்தால் நாம் வருவது அதற்குத் தெரியாது. நடந்து போகிறவனாவது இலையை மிதித்துச் சத்தம் போடுவான், சைக்கிளோ சத்தமே இல்லாமல் திருப்பத்தில் போய் அதன் மூஞ்சிக்கு முன்னால் நிற்கும். எனக்கு அந்த அனுபவம் இல்லை, வேண்டவும் வேண்டாம். பல வருடத்துக்கு முன்னால் விவரம் தெரியாமல் அடிவாரத்துச் சோதனைச் சாவடி ஒன்றுக்கு நானும் சைக்கிளோடு போனேன். அங்கிருந்த காவலர் திட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, வண்டியை அவரே ஊர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

உங்களுக்கு ஏற்றது கால்வாய்க்கரை. கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து கன்னடியன் கால்வாயை ஒட்டியே வீரவநல்லூர், சேரன்மகாதேவி வரைக்கும் வாருங்கள். பெரும்பாலும் மண்தடம், சில இடத்தில் கரை அரித்து ஒரு ஆள் அகலம்தான் மிச்சம் இருக்கும், நீங்கள் தேடும் ஒற்றையடிப்பாதை அதுதான். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல், வாழை, பின்னால் திரும்பிப் பார்த்தால் பொதிகை. முதல் போகமான கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தபிறகு போனால் குளிர்ச்சியாக இருக்கும். அடுத்த போகமான பிசானத்தில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் போகாதீர்கள், களிமண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிச் சக்கரமே சுற்றாது. அப்புறம், வயலுக்குப் போகிறவர்கள் எதிரே வந்தால் நீங்கள்தான் இறங்கி வழிவிட வேண்டும். அது அவர்கள் பாதை.

கலுங்கடி:

ரெட்டியார்பட்டி மலைப்பக்கம் காலையில் நாலைந்து பேர் ஓட்டுகிறார்கள். பாளைக்கு அது பக்கம். உடைந்த பாட்டில் நிறையக் கிடக்கிறது, பார்த்து.

உடன்குடி செம்மண்:

அண்ணாச்சி, புதர்வெளி வேண்டும் என்றால் மேற்கே பார்க்காதீர்கள், கிழக்கே வாருங்கள். எங்கள் தேரிக்காட்டை விடவா ஒரு இடம் இருக்கிறது? சிவப்பு மணல் மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடக்கும். பனை, கொல்லாமரம் என்கிற முந்திரி, குடை விரித்தது போல உடைமரம். அந்த மணல் சிவப்பாக இருப்பது ஒவ்வொரு துணுக்கின் மேலும் இரும்புத்துரு பூசியிருப்பதால்தான், கையில் அள்ளித் தண்ணீரில் கழுவினாலும் லேசில் போகாது. உங்கள் வெள்ளை ஷூ இனி வெள்ளையாக இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இப்போது வராதீர்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே வந்து மணலை அள்ளி வீசும். காலையில் போட்ட சைக்கிள் தடம் மத்தியானம் இருக்காது. வழி தெரியாத ஆள் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் எல்லாப் பனையும் ஒரே மாதிரி தெரியும், எங்கள் ஊர்க்காரர்களே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஐப்பசி மழை இரண்டு விழுந்தபிறகு வாருங்கள், மணல் இறுகிக் கிடக்கும், அதிகாலையில் தார்ரோட்டில் ஓட்டுவது போலவே ஓடும். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏற ஏற மணல் இளகும், சக்கரம் புதையும்.

ஓட்டும் முறை இருக்கிறது. டயரில் காற்று சாதாரணமாக 30 பாயிண்ட் வைத்திருந்தால் மணலுக்கு 18, 20-க்கு இறக்குங்கள். டயர் சப்பையாகி அகலமாக உட்கார வேண்டும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் வைத்து, சின்ன கியரில், விடாமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும். முன்சக்கரம் தானாக ஆடும், ஆடட்டும். பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துத் திருப்பினீர்கள் என்றால் அந்த இடத்திலேயே விழுவீர்கள். விழுந்தால் வலிக்காது, அது ஒரு நல்ல விஷயம். முன்பிரேக்கைத் தொடவே கூடாது. செயினுக்குப் பிசுபிசு எண்ணெய் போட்டு வராதீர்கள், மணல் ஒட்டிப் பல்சக்கரத்தை அரம் போல அராவிவிடும். காய்ந்து போகும் வகை எண்ணெய் விற்கிறார்கள், முந்தின நாள் ராத்திரியே போட்டுத் துடைத்துவிட வேண்டும்.

இனி பஞ்சர். இரண்டு டயரும் போனது என்றால் அது உடைமுள் அல்லது சீமைக்கருவை. உடைமுள் வெள்ளையாக, ஊசி போல நேராக, ஜோடி ஜோடியாக இருக்கும். எங்கள் ஊர்ப் பஞ்சர்க்கடைத் தாத்தா ஒரு வேலை செய்வார், அதை நான் வேறு யாரும் செய்து பார்த்ததில்லை. டியூபை உருவியதும் ஒட்டு போட ஓடமாட்டார். துளிப் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுவதும் மெதுவாகத் தடவிக்கொண்டே வருவார். கைக்குத் தட்டுப்படாத முள்முனை பஞ்சை இழுத்துப் பிடிக்கும். அந்த இடத்தில் குறட்டால் பிடுங்குவார். பாதிப்பேர் வெளியே நீட்டிய முள்ளை மட்டும் ஒடித்துப் போட்டுவிட்டுப் புது டியூபை மாட்டுவார்கள், உள்ளே நிற்கும் மிச்சம் அரை மணி நேரத்தில் அதையும் குத்திவிடும். உங்கள் ரிம் ஒத்துவந்தால் டியூப்லெஸ்ஸாக மாற்றி உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிவிடுங்கள். அப்படி மாற்றினால் வழியில் முள்ளைப் பிடுங்காதீர்கள், அது பாட்டுக்கு மூடியாக நிற்கட்டும், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வீரவைக்காரன், நெதர்லாந்து:

அந்த ஊதாப்பூ வெளியில் நான் ஓட்டியிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். இங்கே வெலுவே என்று ஒரு பெரிய காட்டுப்பகுதி. ஆகஸ்ட் கடைசியில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்துத் தரை முழுக்க ஊதாவாகும். வேடிக்கை என்னவென்றால் அது ஆதிகாலத்து இயற்கை இல்லை. நூற்றாண்டுக்கணக்காக ஆடு மேய்த்து, மேல்மண்ணை வெட்டி எடுத்து வந்ததால் மரம் வளராமல் புதர்வெளி ஆனது. சும்மா விட்டால் பைனும் பிர்ச்சும் முளைத்து மறுபடி காடாகிவிடும், அதனால் இன்றைக்கும் ஆட்டுக்கிடை விட்டுத்தான் காப்பாற்றுகிறார்கள். நடுவில் காற்றில் நகரும் மணல்மேடும் உண்டு, ஊரை மூடிவிடும் என்று பைன் நட்டு நிறுத்தினார்கள். தேரியில் மணல் ஓடாமல் இருக்க மரம் நட்டார்களே, அதே கதை. மணலின் நிறம்தான் வேறு.

உள்ளே சைக்கிள் எங்கும் போகும் என்று வீடியோவைப் பார்த்தால் தோன்றும். போகாது. மலைச் சைக்கிளுக்கு என்று தனித்தடம், கம்பத்தில் குறி, அதை விட்டு இறங்கினால் அபராதம். உட்ரெக்ட் பக்கத்துக் காட்டில் வருடத்துக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கி வண்டியில் ஒட்ட வேண்டும், அந்தக் காசில்தான் தடத்தைப் பராமரிக்கிறார்கள். இருட்டினால் பெரும்பாலான காடுகளில் இருக்கக் கூடாது. ஹோஹெ வெலுவே தேசியப் பூங்காவில் மட்டும் வாசலிலேயே வெள்ளை சைக்கிள் இலவசமாக நிற்கும், எடுத்து ஓட்டலாம். அதில் கியரும் கிடையாது, சஸ்பென்ஷனும் கிடையாது. என் அம்மாவைக் கூட்டிப்போனேன், 64 வயதில் சேலையோடு ஓட்டினார்.

நானும் வீரவநல்லூர்க்காரன்தான். அந்தக் கன்னடியன் கரையில் பள்ளிக்கூடக் காலத்தில் வாடகை சைக்கிளில் போனவன். அம்பைக்காரர் சொன்னதைக் கேளுங்கள்.

அம்பைக்காரன்:

உடன்குடித் தம்பி, தேரியிலும் ஒரு பகுதி காப்புக்காடு, அதையும் சொல்ல வேண்டாமா? காடு மலையில் இருந்தால்தான் காடா?

உடன்குடி செம்மண்:

சரிதான் அண்ணாச்சி, விட்டுவிட்டேன். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் பக்கம், தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவில் பக்கம் ஊர்க்காரர்கள் போய்வரும் வண்டித்தடம் இருக்கிறது, நாங்கள் அதில்தான் ஓட்டுகிறோம். மேட்டின் உச்சியில் ஏறிச் சறுக்குவதெல்லாம் செய்வதில்லை. செய்தவனை ஒருநாள் பனையேறும் பெரியவர் ஒருவர் கீழே இறங்கிவந்து கேட்ட கேள்வியில் அவன் சைக்கிளையே விற்றுவிட்டான். வல்லநாட்டுப் பக்கமும் யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள், அது வெளிமான் சரணாலயம்.

பாளை மிதிவண்டி:

எல்லாருக்கும் நன்றி. மலைக்குள் போகும் எண்ணத்தை விட்டுவிட்டேன். நேற்று ஞாயிறு, காரில் சைக்கிளைப் போட்டுக் கல்லிடைக்குறிச்சி போய் கரையில் இறங்கினேன், மச்சான் காரைச் சேரன்மகாதேவிக்கு ஓட்டி வந்தான். லேசாகச் சாரல். 15 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், மூன்று மணி நேரம் ஆனது. அதில் ஒரு மணி நேரம் ஓட்டவே இல்லை. ஒரு மடைக்குப் பக்கத்தில் கரை உடைந்து கிடந்தது, சைக்கிளைத் தோளில் தூக்கி வயலில் இறங்கி ஏறினேன், அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் "வண்டி ஒங்கள சொமக்குமா, நீங்க வண்டியச் சொமப்பியளா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பஞ்சர் ஒன்று. பஞ்சு கையில் இருந்தது. தடவினேன், உண்மையிலேயே பிடித்து இழுத்தது, ஒரே டயரில் மூன்று முனை. இரண்டு மாதமாக உள்ளேயே குடியிருந்திருக்கின்றன.

உடன்குடித் தம்பி, கார்த்திகையில் ஒரு ஞாயிறு வருகிறேன். 18 பாயிண்டா 20 பாயிண்டா? என் எடை 91.

உடன்குடி செம்மண்:

91 என்றால் 22 வையுங்கள், அதற்குக் குறைத்தால் ரிம் அடிபடும். காலை 5.30-க்கு இங்கே இருக்க வேண்டும்.